தரங்கம்பாடியில் கடல் பார்த்த வீடு வாங்கலாமா?

ஓய்வுக்குப் பிறகு தரங்கம்பாடியில் கடல் தெரியும்படி ஒரு வீடு வாங்க ஆசை, விலை கட்டுப்படியாகுமா, ஊர் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். முதலில் ஒன்று: கடல் தெரிய வேண்டும் என்பதைத் தரகரிடம் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடாதீர்கள். அந்த ஆசைக்கு விலை வைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ஊர்க்காரர் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர மாட்டார்.

காரணம் 2004 டிசம்பர் 26 சுனாமி. தண்ணீர் எதுவரை ஏறியது என்று இன்றும் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். மறு ஆண்டு வந்த அரசாணைப்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் பொங்கும்போது தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் அப்பால் குடியேறச் சம்மதித்தால் ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்பில் இலவச வீடு. அங்கேயே இருப்பதானால் பழுதுபார்க்கும் செலவு அவர்கள் பாடு. அதன்பின் ஊர்க்காரர்களின் கணக்கே மாறிவிட்டது. பக்கத்து ஊரான பொறையாறு எவ்வளவு தூரம், பஸ் நிற்கிறதா, கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். மயிலாடுதுறைக்கு ஓடிய ரயிலும் 1980களில் நின்றுபோனதால் சாலைதான் எல்லாம். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்கு வழிச் சாலை வேலை தொடங்கியதிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மனைக்காரர்களும் நிமிர்ந்து உட்கார்ந்துதான் பேசுகிறார்கள்.

நீங்கள் படங்களில் பார்த்து மயங்கியது ராஜ வீதியாக இருக்கும். 1620இல் வந்து 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன டேனிஷ்காரர்களின் பழைய நகரம் அது. நகர வாயிலிலிருந்து கோட்டைவரை நடந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்குள் தேவாலயங்கள், பள்ளிகள், அரசு வசம் உள்ள கட்டடங்கள், ஓட்டலாகிவிட்ட பழைய கலெக்டர் பங்களா எல்லாம் போக, விற்பனைக்கு வருவது அபூர்வம். வந்தாலும் வாரிசுகள் நாலு ஊரில் இருப்பார்கள். ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் அதோடு நின்றது.

வீட்டின் நிஜமான விலை பத்திரத்தில் உள்ள சிக்கலைப் பார்த்தால்தான் தெரியும். டெல்டா முழுக்கவே அடிமனைச் சிக்கல் உண்டு: மனை கோயிலுக்கோ திருச்சபைக்கோ சொந்தம், மேலே உள்ள கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது. மலிவாக ஒரு வீடு கிடைக்கிறது என்றால் முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும். மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தெரு வாரியாக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் தனியே எடுத்து வையுங்கள். கடலிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் குறுக்கே வரும். மாடி எடுக்கலாம் என்று தரகர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

வாங்கிய பிறகு உப்புக்காற்று தன் பங்கைக் கேட்கும். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவர்கள் ஓரளவு தாங்கும். கான்கிரீட் வீட்டில் கம்பி துருப்பிடித்து, கூரைக்காரை பெயர்ந்து சோற்றுத் தட்டில் விழும். ஏசி, கிரில், கதவுக் கீல் எதற்கும் ஆயுள் குறைவு.

ஊர்க் குணம்? வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அமைதியான ஊர் என்கிறார்கள். விடியற்காலையில் துறைமுகப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும். ஏலம், ஐஸ், வேன், சச்சரவு எல்லாம் அங்கேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது கடைத்தெருவில் பணப்புழக்கமே தெரியாது. மீனவர் தெருக்களில் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். அங்கே வெளியாள் வீடு வாங்கும் எண்ணமே எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களுக்குக் கடற்கரை என்பது வலை காயவைக்கும் இடம், வேடிக்கை பார்க்கும் இடமல்ல. மற்றபடி புதிதாக வருகிறவரிடம் முகம் கொடுத்துப் பேசுவார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, என்ன வேலை என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவார்கள், கோபித்துக்கொள்ளக் கூடாது.

என் யோசனை, பொறையாற்றில் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வாடகைக்கு இருந்து பாருங்கள். புயல் எச்சரிக்கையும் மின்வெட்டும் அந்த மாதங்களில்தான் வரும். பெரிய வைத்தியத்துக்குக் காரைக்காலோ மயிலாடுதுறையோ போக எவ்வளவு நேரமாகிறது என்பதையும் மழை நாளிலேயே கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். அதன் பிறகும் கடல் பார்த்த வீடுதான் வேண்டும் என்றால், தரகரை விட்டுவிட்டு அந்தத் தெருவில் இருப்பவர்களிடமே விசாரியுங்கள்.