ரப்பர் வாஷர் வேண்டாம், நடுவில் ஒரு தூண் வையுங்கள்

கேள்வி: சேலத்தில் பொறியியல் படிக்கிறோம். 10 செ.மீ. கனசதுரச் செயற்கைக்கோள் செய்துகொண்டிருக்கிறோம். ராக்கெட் அதிர்வைத் தாங்க சர்க்யூட் போர்டுகளுக்கு அடியில் ரப்பர் வாஷர் போடலாமா? சோதித்துப் பார்க்கத் தெரிந்தவரின் சேகோ ஆலைச் சல்லடை போதுமா?

பதில்: சல்லடையை முதலில் முடித்துவிடுவோம். நிமிடத்துக்கு 1,440 சுற்று மோட்டார் என்றால் அது 24 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 24 முறை) மட்டும்தான் ஆட்டும். ராக்கெட்டில் 20 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை அத்தனையும் ஒரே நேரத்தில் உலுக்கும். ஏற்காடு பஸ்ஸில் கவனித்திருப்பீர்கள்: எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடும்போது ஜன்னல் கண்ணாடி கடகடக்கும், வேகம் மாறினால் அடங்கிவிடும். ராக்கெட்டில் உங்கள் போர்டுக்கு அந்த ஓய்வு கிடையாது.

இனி ரப்பர். நாசாவின் பொதுத் தகுதிச் சோதனையில் 50–800 ஹெர்ட்ஸ் இடையே உலுக்கலின் அளவு ஹெர்ட்ஸுக்கு 0.16 ஜி² (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்). (உங்களுக்கு ராக்கெட் தரப்பு கொடுக்கும் அளவே இறுதி.) நான்கு மூலையில் திருகிய போர்டின் இயல் அதிர்வெண் (அது தானாகவே அதிகம் ஆடும் அதிர்வெண்) 300 ஹெர்ட்ஸ், பெருக்கம் (அங்கே ஆட்டம் பெருகும் மடங்கு) 20 என்று வைத்துக் கணக்குப் போட்டால் உச்சம் சுமார் 116 ஜி, நகர்வு 0.3 மி.மீ. ரப்பர் போட்டு அதிர்வெண் 100, பெருக்கம் 10 ஆனால் உச்சம் 48 ஜியாகக் குறையும். பார்க்க நல்லதுதான். ஆனால் நகர்வு 1.2 மி.மீ. ஆகிவிடும், அந்த இழுப்பை வாங்குவது போர்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கும் பின் (ஊசி) கனெக்டர். ரப்பர் நசுங்கத் திருகின் பிடியும் தளரும். வெற்றிடத்தில் அது வாயு கக்குவது தனித் தொல்லை.

மாறாக, போர்டின் நடுவில் ஒரு அலுமினியத் தூண் கொடுத்து 600 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் ஜி 165 ஆகும், நகர்வோ 0.11 மி.மீ.தான். சால்டரை உடைப்பது பெரும்பாலும் போர்டு வளைவதுதான், எனவே இந்த வியாபாரம் லாபமே. கூடும் ஜியைத் தாங்க மாட்டாதவை கனமான பாகங்கள்: உயரமான கெபாசிட்டர், காயில் போன்றவற்றின் அடியைச் சுற்றி வாயு குறைவாகக் கக்கும் எபாக்ஸி பூசுங்கள். கடையில் கிடைக்கும் புளிப்பு வாடை சிலிகான் செம்பை அரிக்கும்.

திருகுகளை டார்க் டிரைவரால் (குறித்த முறுக்கு விசையில் இறுக்கும் கருவி) இறுக்கி, திரெட்லாக் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போட்டு, தலையிலிருந்து போர்டு வரை பெயின்ட் கோடு இழுங்கள். ஷேக்கர் மேசையில் முழு உலுக்கலுக்கு முன்னும் பின்னும் 0.25 ஜியில் மெதுவான சைன் ஸ்வீப் (அதிர்வெண்ணை ஒவ்வொன்றாக மாற்றியபடி லேசாக ஆட்டிப் பார்ப்பது) எடுங்கள். இயல் அதிர்வெண் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் பெட்டியைத் திறந்து முதலில் அந்தக் கோடுகளைப் பாருங்கள். கோடு விலகாமலும் அதிர்வெண் இறங்கியிருந்தால் பின் கனெக்டரின் ஓரப் பின்களை லென்ஸ் வைத்துத் தேடுங்கள்.