ஒய்2கே அச்சம் மிகைப்படுத்தப்பட்டதா?

ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கங்களால் மட்டும் குறித்துவந்த பழைய கணினி நிரல்கள், 2000-ஐ 1900 என்று எடுத்துக்கொள்ளக்கூடிய கோளாறே ஒய்2கே. நினைவகம் விலை மிகுந்திருந்த 1960-களில் அந்தச் சிக்கனம் நியாயமானதுதான். ‘19’ என்று முன்கூட்டியே அச்சிட்ட காசோலையில் மீதி இரண்டு இலக்கங்களை மட்டும் நிரப்பியதைப் போன்றது அது.

2000 பிறந்ததும் கணினிகள் செயலிழந்து விமானங்கள் விழும் என்ற பீதி மிகையே, கோளாறோ மெய்யானது. 1960-இல் பிறந்தவரின் வயதைக் கணக்கிட 00-இலிருந்து 60-ஐக் கழித்தால் 40 வராது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு நிரல் கர்ப்பிணிகளின் வயதைத் தவறாகக் கணித்ததால், கருவில் டவுன் நோய்க்குறி என்னும் மரபணுக் குறைபாட்டின் வாய்ப்பைத் தாயின் வயதையும் கொண்டு கணிக்கும் பரிசோதனையில் 150-க்கும் மேற்பட்டோருக்குப் பிழையான முடிவு சென்றது. 2000 மே வரை அது நீடித்தது.

2000 பிறந்த நள்ளிரவில் ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்றும் பலர் கேட்கின்றனர். எதிர்காலத் தேதிகளைக் கையாண்ட நிரல்கள் அதற்கு முன்பே தடுமாறத் தொடங்கியிருந்தன, முக்கியமானவை பெரும்பாலும் அந்த இரவுக்குள் திருத்தப்பட்டிருந்தன.