கண்ணாடிக்குள் உலோகத்தை வைத்து உலையில் சுட்டால் விரிசல் விடாமல் இருக்குமா?

கொலுசுப் பட்டறையில் மிஞ்சும் வெள்ளித் துண்டுகளையும் செம்புக் கம்பியையும் இரண்டு ஜன்னல் கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து உருக்கிச் சுவரில் மாட்டும் படங்கள் செய்யலாமா, கண்ணாடியோடு ஒத்துப்போகும் உலோகம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். சேலம் கோரிமேட்டில் சிறிய மின்சார உலை ஒன்றை வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒத்துப்போகும் உலோகத்தைத் தேடுவதை விட்டுவிடுங்கள். விரிவிலும் சுருக்கத்திலும் கண்ணாடிக்கு ஏறத்தாழ இணையாக வருவது பிளாட்டினம். தொடக்ககால மின்விளக்குகளில் கண்ணாடியைத் துளைத்துச் செல்லும் கம்பிக்கு அதைப் பயன்படுத்தியதும் இதனால்தான், ஆனால் அதன் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. செம்பு ஜன்னல் கண்ணாடியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள செம்பும் அதே நீளமுள்ள கண்ணாடியும் 550 டிகிரி செல்சியஸிலிருந்து அறை வெப்பத்துக்கு இறங்கும்போது இரண்டின் நீளத்துக்கும் இடையே ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் வித்தியாசம் விழுகிறது. இறுகிவிட்ட கண்ணாடியால் அந்த இழுப்புக்கு வளைந்து கொடுக்க முடியாது. எனவே வளைந்து கொடுக்க வேண்டியது உலோகம்தான்.

ஆகவே எந்த உலோகம் என்பதைவிட, அது எவ்வளவு மெல்லியது, எவ்வளவு மென்மையானது என்பதே முக்கியம். இரும்பின் விரிவு செம்பைவிடக் கண்ணாடிக்கு நெருக்கமானது. இருந்தும் அது விறைப்பானது என்பதாலும், சூட்டில் செதில் செதிலாக உரிவதாலும் கண்ணாடியைப் பிளக்கிறது. செம்புத் தாளோ, சுட்டபின் இன்னும் மென்மையாகி, கண்ணாடி இழுத்த இழுப்புக்கு இசைந்து நீண்டுவிடுகிறது. கத்தரிக்கோலால் வெட்டக்கூடிய செம்புத் தாளும், அரை மில்லிமீட்டருக்கு உட்பட்ட கம்பியும் போதும். நம் ஊர் உருக்காலையின் துருப்பிடிக்காத எஃகைக் கேட்பவர்களும் உண்டு; அதைக் கண்ணாடிக்குள் வைக்காமல் அச்சாகப் பயன்படுத்துவதே சரி. அதிலும் கவிழ்த்த கிண்ணத்தின் வெளிப்புறத்தில் கண்ணாடியைப் படியவிட்டால் எஃகு அதிகமாகச் சுருங்கித் தானே விலகும்; கிண்ணத்தின் உட்புறத்தில் படியவிட்டால் அதே சுருக்கம் கண்ணாடியை நெரித்து உடைக்கும்.

வெள்ளித் துண்டுகளைப் பொறுத்தவரை, கொலுசில் பற்றாசு (உருக்கி ஒட்டும் உலோகக் கலவை) வைத்த இடங்களை வெட்டி நீக்கிவிட்டு, மிச்சத்தைத் தாள்போல் தட்டியோ உருளையில் இழுத்தோ கொடுக்கச் சொல்லுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் இதற்கு ஆள் பஞ்சமில்லை. வெள்ளி தன்னைச் சுற்றிக் கண்ணாடியில் மஞ்சள் சாயம் ஏற்றும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடுவதால் உதவாது. பித்தளையிலும், துத்தநாகப் பூச்சுள்ள கம்பியிலும் துத்தநாகப் புகை வரும் என்பதால் அவற்றை நான் உலைக்குள் விடுவதே இல்லை.

என் விருப்பம் செம்புதான். செம்புத் தாளில் காப்பி இலை ஒன்றை வெட்டி, மை தீர்ந்த பேனாவால் நரம்புகளை அழுத்தி வரைந்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, 3 மில்லிமீட்டர் கண்ணாடிகள் இரண்டுக்கு நடுவில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். காற்று புகாத நடுப்பகுதி மாதுளைத் தோலின் செம்மையில் நிற்கும். காற்று பட்டிருந்த ஓரங்களில் செம்பின் ஆக்ஸைடு கண்ணாடியில் கரைந்து நீலப்பச்சைக் கோடு ஒன்று ஓடும். அந்தக் கோட்டை ஒட்டி ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாக நிற்கும். மோட்டார் காயில் கட்டும் கடைக் கம்பியானால் அதன் மேலுள்ள எனாமல் பூச்சை உப்புத்தாளால் முழுவதும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது கருகிப் பெருங்குமிழிகளை உண்டாக்கும்.

15 சென்டிமீட்டர் சதுரம் வரையிலான துண்டுக்கு மணிக்கு 150 டிகிரி வீதம் ஏற்றி, 670 டிகிரியில் அரை மணி நேரம் நிறுத்துகிறேன்; மேல் கண்ணாடி மெல்லப் படிந்து நடுவிலுள்ள காற்றை ஓரமாகத் தள்ளுவதற்கான அவகாசம் அது. பிறகு 820 டிகிரியை ஒட்டிப் பத்துப் பதினைந்து நிமிடங்கள். உலைக்கு உலை வெப்பமானி சற்று முன்பின்னாகக் காட்டும் என்பதால் உங்கள் உலையில் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அடுத்து 550 டிகிரிக்கு வந்ததும் ஒரு மணி நேரம் நிறுத்தி, 400 டிகிரி வரை மணிக்கு 60 டிகிரிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொண்டால், கண்ணாடிக்குள் தங்கும் இறுக்கத்தில் பெரும்பகுதி தளர்ந்துவிடும். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை நாளில் உலையைத் தொடாதீர்கள். சேலத்தில் மேக்னசைட் செங்கல் கிடைக்கிறதே, அதைக் கொண்டு உலை கட்டலாமே என்று சிலர் சொல்வார்கள்; அது எஃகு உலைகளின் கடும் சூட்டுக்கானது, வெப்பத்தை எளிதில் வெளியே கடத்திவிடும். நமக்கு வேண்டியது எடை குறைந்த வெப்பக்காப்புச் செங்கல்.

சுட்ட துண்டு உடையாமல் வெளியே வந்துவிட்டது என்பதாலேயே தேறிவிட்டது என்று எண்ண வேண்டாம். உள்ளிறுக்கம் மிகுந்திருந்தால் சில மாதங்கள் கழித்துக்கூட விரிசல் விடும். சோதிக்க எளிய வழி உண்டு. மடிக்கணினியின் எல்சிடி திரையை வெள்ளையாக வைத்து, அதன் முன் துண்டைப் பிடித்து, போலராய்டு கூலிங் கிளாஸ் ஒன்றைத் திரை இருட்டாகத் தெரியும்வரை திருப்பி அதன் வழியே பாருங்கள். இறுக்கம் உள்ள இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். செம்பின் ஓரத்தில் நூலிழை அளவு வெளிச்சம் எப்போதும் இருக்கும். அது பட்டையாக விரிந்து கண்ணாடியின் விளிம்பைத் தொட்டால் அந்தத் துண்டை விற்கவோ பரிசளிக்கவோ கூடாது. உலோகத்துக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு விரற்கடை இடம் விடச் சொல்வதும் இதற்காகத்தான்.

சுவரில் மாட்டும் வளையத்துக்குச் செம்புக் கம்பி வேண்டாம். சூட்டில் கருத்து உதிரும். ஹீட்டர் காயில் விற்கும் கடையில் மெல்லிய நிக்ரோம் கம்பி வாங்கி, சிறு கொக்கியாக வளைத்து, அதன் கால்கள் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் புகும்படி வைத்துச் சுடுங்கள்.