துருப்பிடித்த ஃபுளோருக்குத் தகடு வைப்பது: கேள்வி பதில்

பழைய காரின் அடித்தளத்தில் துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தா டிரைவர் காலடியில உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. எவ்வளவு தூரம் வெட்டணும்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம், தம்பி. ஓட்டை என்பது துரு முழுதாகத் தின்று முடித்த இடம். அதைச் சுற்றியுள்ள தகடு பார்க்க முழுசாக இருந்தாலும் பாதி கனம் போயிருக்கும். அங்கே வெல்டிங் வைத்தால் ஆர்க் (வெல்டிங்கின் மின்பொறி) பட்டதுமே பொத்தல் விழும். அதை அடைக்கப் போய்ப் பக்கத்தில் இன்னொன்று விழும்.

முதலில் உள்ளே இருக்கும் தார் ஷீட்டையும் அடியில் இருக்கும் அண்டர்கோட்டையும் (துரு தடுக்கும் பூச்சு) சுரண்டி எடுங்கள். ஒயர் பிரஷ் போட்டு இரண்டு பக்கமும் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று பேசும், செத்த தகடு மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் வந்த இடத்தில் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அதுவும் வெட்ட வேண்டிய பகுதிதான். பளபளவென்ற தகடு வந்த இடத்திலிருந்து இன்னொரு விரல் அகலம் தள்ளிக் கோடு போடுங்கள். மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூரான மூலையில் சூடு குவியும், பின்னாளில் விரிசலும் அங்கேதான் தொடங்கும்.

துரு கதவுக்குக் கீழே இருக்கிற சில் வரைக்கும் போயிருக்கு சார். மொத்தமா வெட்டிடலாமா?

நிறுத்துங்கள். தனிச் சேஸிஸ் இல்லாத காரில் ஃபுளோரும் சில்லும் சேர்ந்துதான் பாடியைத் தாங்குகின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு சேராது. வெட்டுவதற்கு முன்னால் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து டாக் (சின்னப் புள்ளி வெல்டு) அடித்து இறுக்குங்கள். கதவு இடைவெளியை மேலும் கீழும் அளந்து எழுதி வையுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கம்.

சீட் போல்ட், சீட் பெல்ட் பிடிக்கும் இடம், குறுக்குச் சட்டம் இவை துருப்பிடித்திருந்தால் வீட்டில் கற்றுக்கொள்ளும் வேலையாக அதை எடுக்காதீர்கள். விபத்து நேரத்தில் உயிரைப் பிடித்து நிறுத்தும் இடம் அது. கை தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

பேட்சை, அதாவது புதுத் தகட்டை, மேலே ஏத்தி வைக்கிறதா, விளிம்போட விளிம்பு சேர்க்கிறதா?

ஏற்றி வைப்பது சுலபம், பொத்தல் விழுவதும் குறைவு. ஆனால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் தங்கும், சில வருடத்தில் அதே இடத்தில் துரு கிளம்பும். என் ஓட்டு விளிம்போடு விளிம்புக்குத்தான். அட்டையில் மாதிரி வெட்டி, அதைத் தகட்டில் வரைந்து, இடைவெளி ஒரு மி.மீ.க்கு மேல் போகாதபடி ராவிச் சேருங்கள். ஏற்றித்தான் வைக்க வேண்டும் என்றால், நடுவில் வெல்டிங் தாங்கும் ஜிங்க் பிரைமர் அடித்து, முடிந்ததும் இரண்டு ஓரத்தையும் சீலர் போட்டு மூடுங்கள்.

தகடு நெளியுது, ஓட்டையும் விழுது. செட்டிங் சொல்லுங்க.

பழைய ஃபுளோர் தகடு பெரும்பாலும் 0.8 முதல் 1.2 மி.மீ. வரை இருக்கும். பேட்சும் அதே கனம் இருக்கட்டும். மிக் மெஷின் (ஒயர் தானாக வந்து உருகும் வெல்டிங் மெஷின்), 0.6 மி.மீ. ஒயர், ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த கேஸ். வெட்டி எடுத்த நல்ல துண்டில் முதலில் அடித்துப் பழகுங்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வெல்டு லேசாகப் புடைத்துத் தெரிய வேண்டும். எதுவும் தெரியவில்லை என்றால் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கோடாக இழுக்கவே கூடாது. ஒரு புள்ளி, அடுத்த புள்ளி எதிர்ப் பக்கத்தில், அடுத்தது இன்னொரு மூலையில். முதல் சுற்றில் இரண்டு மூன்று செ.மீ.க்கு ஒன்று. கை வைத்தால் சூடு தாங்கும்படி ஆறிய பிறகு நடுவில் நடுவில் நிரப்பிக்கொண்டே வாருங்கள். ஒரு சின்னப் பேட்சுக்கே அரை நாள் போகும், போகட்டும். தண்ணீர் ஊற்றி ஆற வைக்காதீர்கள். இடைவெளி அகலமான இடத்தில் அடியில் செம்புப் பட்டை அழுத்திப் பிடித்தால் பொத்தல் விழாது, வெல்டும் செம்பில் ஒட்டாது. கிரைண்டரை ஒரே இடத்தில் வைத்துத் தேய்த்தாலும் தகடு நெளியும் என்பதை மறக்க வேண்டாம்.

சாதா ராடு மெஷின்தான் இருக்கு. முடியுமா?

குச்சி வைத்து அடிக்கும் அந்த வெல்டிங் இந்தக் கனத்துக்கு வேண்டாம். ஓட்டைதான் மிஞ்சும்.

தீப்பிடிக்குமா?

பிடிக்கும், அதுவும் நீங்கள் பார்க்காத பக்கத்தில். கார்ப்பெட், சீட், தார் ஷீட் எல்லாம் வெளியே வர வேண்டும். அடியில் பெட்ரோல் பைப், பிரேக் பைப், ஒயரிங் எங்கே ஓடுகிறது என்று பார்த்துக் கழற்றுங்கள். டேங்க் பக்கத்தில் இருந்தால் அதையும் இறக்குங்கள். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில், முடிந்தால் மறுபக்கம் பார்க்க இன்னொரு ஆள். முடித்த பிறகும் அரை மணி நேரமாவது காரை விட்டு நகராதீர்கள்.

இன்னொன்று. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டில் ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயு உருவாகும். அதை அந்தப் பக்கமே கொண்டு வராதீர்கள். நாகம் (ஜிங்க்) பூசிய தகடு என்றால் விளிம்பில் பூச்சை ராவி எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் மாஸ்க் போட்டு அடியுங்கள். அந்தப் புகை காய்ச்சலில் கொண்டு போய் விடும்.

வெல்டிங் முடிஞ்சது. உடனே பெயின்ட் அடிச்சுடலாமா?

முதலில் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் எல்லா இணைப்பிலும் சீம் சீலர் (இணைப்பை அடைக்கும் பசை), பிறகு பெயின்ட், அடியில் அண்டர்கோட். சில் போன்ற மூடிய பகுதிக்குள் வெல்டிங் சூட்டில் பழைய பூச்சு எரிந்திருக்கும். அதனால் உள்ளே நீளக் குழாய் விட்டுக் கேவிட்டி வாக்ஸ் (துரு தடுக்கும் மெழுகு) அடிக்க வேண்டும். பலர் விட்டுவிடும் வேலை இது.

கார்ப்பெட் போடும் முன், துருவைக் கொண்டுவந்த தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ஒருவரை வெளியே நிறுத்தி, கண்ணாடி ரப்பர், வைப்பருக்குக் கீழே உள்ள வடிகால், கதவின் அடித்துளைகள் என்று ஒவ்வொரு இடமாக ஹோஸில் தண்ணீர் விடச் சொல்லுங்கள். நீங்கள் உள்ளே டார்ச்சோடு படுத்துப் பாருங்கள். வெளித் தண்ணீர் வராமலே காலடி நனைகிறது என்றால் ஹீட்டர் பைப்பைப் பாருங்கள்.