டாக்டருக்குப் படிக்காம குழந்தையின்மை ஆராய்ச்சிக்குப் போலாமா?

கேள்வி: அக்கா வணக்கம். என் மக என்யூஎஸ்ல (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) லைஃப் சயின்ஸ் கடைசி வருஷம். பிஎச்டி பண்ணி குழந்தையின்மை ஆராய்ச்சிக்குத்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. டாக்டருக்குப் படிச்சிருந்தாலாவது பரவால்ல, இது டாக்டருக்கு எடுபிடி வேலைதானேன்னு அவ மாமா சொல்றாரு. கல்யாண வயசுப் பொண்ணு வேற, இந்த வேலைன்னு வெளிய சொல்லவும் ஒரு மாதிரி இருக்கு. என்ன செய்யட்டும்? (ஒரு அம்மா, ஈசூன்)

பதில்: அம்மா, மாமா சொல்றது தப்பு. ஐவிஎஃப்ல, அதாவது முட்டையையும் விந்தணுவையும் உடம்புக்கு வெளிய லேப்ல சேத்து கரு உண்டாக்குற சிகிச்சையில, முட்டைய எடுக்கிறதும் கருவ திரும்ப கர்ப்பப்பையில வைக்கிறதும் டாக்டர்தான், ஆனா நடுவுல அந்தக் கரு மூணு நாள், அஞ்சு நாள்னு வெளிய உசுரோட இருக்குதே, அது முழுக்க லேப்ல இருக்கிறவங்க பொறுப்பு, அங்க சூடு கொஞ்சம் மாறினாலே கரு தாங்காது. 1978ல முதல் டெஸ்ட் டியூப் குழந்தை லூயிஸ் பிரவுன் பொறந்ததுக்குப் பின்னாடி இருந்த ராபர்ட் எட்வர்ட்ஸ் டாக்டர் இல்ல, எலியோட மரபியல்ல ஆரம்பிச்ச விஞ்ஞானி. 1971ல பிரிட்டன்ல அவருக்கு அரசாங்க ஆராய்ச்சிப் பணம் தர மாட்டோம்னுட்டாங்க, அதே மனுஷனுக்கு 2010ல நோபல் குடுத்தாங்க. அவர்கூட லேப்ப கட்டிக் காத்த ஜீன் பர்டி ஒரு நர்ஸ், அவங்க பேர ரொம்ப காலம் யாரும் வெளிய சொல்லவே இல்ல, எனக்கு அது இன்னும் ஆறல.

நம்ம ஊருக்கே வாங்க. ஆரிஃப் பொங்சோன்னு ஒருத்தர், இலங்கையில பொறந்தவரு, படிச்சது மாட்டு டாக்டருக்கு! என்யூஎஸ்ல மனுஷக் கருவ ஆராய்ச்சி பண்ணாரு. மாட்டு டாக்டருக்கு இங்க என்ன வேலைன்னு கேக்காதீங்க, இந்தத் துறையில பாதி விஷயம் மிருகங்கள்ல இருந்துதான் வந்துச்சு, விந்தணுவ உறைய வைக்கிற வழிய 1949ல கோழியிலதான் கண்டுபிடிச்சாங்க, ஐவிஎஃப்ல 1959ல முயல்குட்டி பொறந்துடுச்சு. பொங்சோ ஆரம்பிச்ச காலத்துல மனுஷக் கரு லேப் டிஷ்ல ரெண்டு மூணு நாளைக்கு மேல ஒழுங்கா வளராது, பாதியில நின்னுடும். அம்மா வயித்துக்குள்ள அது முதல்ல கருக்குழாயிலதானே வளருதுன்னு யோசிச்சு அந்தக் குழாய் செல்லையே டிஷ்ல வளர்த்து அதுமேல கருவ வச்சாரு, அஞ்சாம் நாள் கட்டம் வரைக்கும் போற கரு கூடுச்சு. அந்த அஞ்சாம் நாள் கருவோட உள் செல்லப் பிரிச்செடுத்து 1994ல கட்டுரை போட்டாரு, உலகத்துல மனுஷக் கருவோட ஸ்டெம் செல்ல (உடம்போட எந்த வகை செல்லாவும் மாறக்கூடிய செல்) பிரிச்செடுத்த முதல் வேலைகள்ல அது ஒண்ணு. அத வருஷக்கணக்கா விடாம வளர்க்கிற வழி 1998ல அமெரிக்காவுல ஜேம்ஸ் தாம்சனுக்குக் கிடைச்சுது. கருக்குழாய்ல ஆரம்பிச்ச ஒரு சந்தேகம் எங்க கொண்டுபோய் விட்டுச்சு பாருங்க.

அதுக்காக தனி ஆளா சாதிச்சாருன்னு சொல்ல மாட்டேன். என்யூஎஸ்ல அவர் வேலை பார்த்த மகப்பேறு டிபார்ட்மெண்ட்டுக்குத் தலைவரா இருந்தவரு பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம், யாழ்ப்பாணத்துத் தமிழர், தேக்கா பக்கத்துல இருக்கிற நம்ம கேகே ஆஸ்பத்திரியில 1983ல சிங்கப்பூரோட முதல் ஐவிஎஃப் குழந்தை பொறந்தது அவரு டீம்லதான். ஆசியாவுக்கே முதல்னும் எழுதுவாங்க, ஆனா 1978லயே கொல்கத்தாவுல டாக்டர் சுபாஷ் முகர்ஜி சாதிச்சிருக்காரு, யாரும் நம்பல, சம்பந்தமே இல்லாத கண் துறைக்கு மாத்தினாங்க, 1981ல உயிர விட்டுட்டாரு. திறமைக்கு இங்கயும் அங்கயும் குறை இல்ல, அவருக்குத் துணைக்கு நிக்க ஆளில்ல. அதனால உங்க மக எந்தப் படிப்புங்கிறதவிட யார்கிட்ட, எந்த லேப்லங்கிறதுதான் எனக்குக் கவலை.

வெளிய சொல்ல கூச்சம்னு எழுதியிருக்கீங்க. நம்ம சனங்க வீட்டுல எத்தனை பேரு இதுக்காக அழுதுட்டு இருக்காங்க, விசேஷத்துக்குப் போனா "என்ன இன்னும் விசேஷம் இல்லையா"ன்னு கேக்குறாங்கன்னு விசேஷத்துக்கே போகாம இருக்காங்க, ஆம்பளைகிட்ட குறை இருந்தாலும் பேச்சு வாங்குறது பொண்ணுதான். நாட்டுல ஒரு பொண்ணுக்கு சராசரியா எத்தனை குழந்தைங்கிற கணக்கு 2023ல 0.97க்கு இறங்கிடுச்சு, அரசாங்க ஆஸ்பத்திரியில தகுதியுள்ள தம்பதிக்கு ஐவிஎஃப் செலவுல 75 சதவீதம் வரைக்கும் அரசாங்கமே குடுக்குது. இதுல ஒளிக்க ஒண்ணுமில்லம்மா, தைரியமா சொல்லுங்க.

கஷ்டத்தையும் சொல்லிடறேன். எம்ப்ரியாலஜிஸ்ட் (ஐவிஎஃப் லேப்ல கருவ வளர்த்துப் பாத்துக்கிறவங்க) வேலையும் ஆராய்ச்சியும் வேற வேற. முதலாவதுல தினமும் நோயாளியோட கருவப் பாக்கணும், தீபாவளின்னு கரு காத்துட்டு இருக்காது. ரெண்டாவதுல வருஷக்கணக்கா ஒண்ணும் வராமலும் போகும், கிராண்ட், அதான் ஆராய்ச்சிக்குக் குடுக்கிற பணம், முடிஞ்சா வேலையும் ஆட்டம் காணும். எதுக்கு ஆசைப்படுறான்னு அவகிட்டயே கேளுங்க. பிஎச்டிக்குச் சேர்றதுக்கு முன்னாடி அந்த லேப் ஏதாவது ஐவிஎஃப் சென்டரோட சேர்ந்து வேலை பாக்குதா, தம்பதிங்க சம்மதத்தோட குடுத்த கரு ஆராய்ச்சிக்குக் கிடைக்குமா, இல்ல எலி மட்டும்தானா, முன்னாடி அங்க முடிச்ச பசங்க இப்ப எங்க இருக்காங்கன்னு விசாரிக்கச் சொல்லுங்க, முடிஞ்சா லீவுல ஒரு மாசம் அங்கயே போய் வேலை பாத்துட்டு வரச் சொல்லுங்க.