பேன் மருந்து போட்டும் பேன் போகலையா?

கேள்வி: என் மகள் நாலாம் வகுப்பு. லீவுக்கு அமுச்சி ஊரில் இருந்துவிட்டு வந்ததிலிருந்து தலையெல்லாம் பேன். மெடிக்கலில் லோஷன் வாங்கிப் போட்டோம், கொஞ்ச நாள் சும்மா இருந்தது, இப்போது மறுபடியும் சொறிகிறாள். மாமியார் சீத்தாப்பழ விதையை அரைத்துப் போடச் சொல்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் செடிக்கு அடிக்கிற மருந்தைத் துளி தேய்த்தால் ஒரே நாளில் போய்விடும் என்கிறார்கள். என்னங்க செய்யட்டும்?
– வாசகி, காங்கேயம்

பதில்: செடிக்கு அடிக்கிற மருந்தைப் பிள்ளை தலைப்பக்கமே கொண்டு போகாதீர்கள் அம்மிணி. அது தோல் வழியாகவே உடம்பில் இறங்கும், வாந்தி, வலிப்பு, மூச்சுத்திணறல் என்று போய் உயிருக்கே ஆபத்தாகிவிடும். மண்ணெண்ணெயும் கூடாது, நெருப்புப் பக்கம் போனால் தலை பற்றிக்கொள்ளும். சீத்தா விதை பேனைக் கொல்லும் என்பது உண்மைதான், உங்கள் மாமியார் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆனால் தலைக்கு ஊற்றும்போது அந்த விழுது வழிந்து கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும், அப்படி ஆனவர்களுக்கு வைத்தியம் பார்த்ததை நம் நாட்டுக் கண் மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். அவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

சரி, போன பேன் ஏன் திரும்ப வந்தது? பேன் செத்திருக்கும், ஈர் சாகவில்லை. நாம் போடுகிற பேன் லோஷனில் உள்ள பெர்மெத்ரின் என்ற மருந்து ஓடுகிற பேனைத்தான் நன்றாகக் கொல்லும், முட்டைக்குள் இருப்பது தப்பித்து ஒரு வாரம் பத்து நாளில் பொரித்துவிடும், அது வளர்ந்து முட்டை வைக்க மேலும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாள் ஆகும். அதனால் முதல் தடவை போட்ட ஒன்பதாம் நாள் கட்டாயம் இன்னொரு தடவை போட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவது இந்த இரண்டாவது தடவைதான். பாட்டிலில் 1 சதவீதம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், 5 சதவீதம் சிரங்குக்கு உள்ளது. தலையில் எண்ணெய் இருந்தால் ஷாம்பு போட்டு அலசி (அன்றைக்குக் கண்டிஷனர் வேண்டாம்), துண்டால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் படும்படி தடவி, பத்து நிமிடத்தில் அலசிவிடுங்கள். அதற்கப்புறம் ஒன்றிரண்டு நாள் தலைக்கு ஊற்ற வேண்டாம்.

மருந்தோடு சீப்பும் வேண்டும், அதற்குத்தான் பொறுமை வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, பகல் வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார வைத்து, தலையை நனைத்துச் சிக்கெடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக முடியைப் பிரித்து, பேன் சீப்பைத் தலைத்தோலில் படும்படி வைத்து நுனி வரை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளை பனியன் வேஸ்ட் துணியில் துடைத்துப் பாருங்கள், எள்ளு மாதிரி ஓடுவது பேன், அதைவிடச் சின்னதாக வெளிறி நகர்வது குஞ்சு. இப்படி மூன்று வாரம். தலைத்தோலை ஒட்டி அரை சென்டிமீட்டருக்குள் இருக்கிற ஈர்தான் கவலைப்பட வேண்டியது, தள்ளி வெள்ளையாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் வெறும் கூடு. ஊதினால் உதிர்வது பொடுகு, ஈர் உதிராது.

இன்னொன்று, பேன் பறக்காது, குதிக்காது, பெரும்பாலும் தலையோடு தலை ஒட்டும்போதுதான் ஏறும். ஒரே பாயில் படுத்தவர்கள் எல்லோருடைய தலையையும் ஒரே நாளில் பாருங்கள், அமுச்சி வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள், பேன் இருப்பவர்கள் எல்லோரும் அதே நாளில் மருந்து போட வேண்டும். வீட்டுக்குள் ஸ்பிரே எதுவும் அடிக்க வேண்டியதில்லை. தலையை விட்டு விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். தலையணை உறை, துண்டு, சீப்பு இவற்றைக் கொதிக்கிற சூட்டுத் தண்ணீரில் போட்டுத் துணிகளை வெயிலில் காயவைத்தால் போதும்.

கேள்வி: பேன் இருக்கிறது என்று வகுப்பில் என் மகளைத் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். அழுகிறாள். மொட்டை போட்டுவிடலாமா?
– வாசகி, பெருந்துறை

பதில்: வேண்டாங்க. பழனிக்கு வேண்டுதல் இருந்தால் அது வேறு, பேனுக்காக வளர்ந்த பிள்ளைக்கு மொட்டை போட்டால் அவள் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வாள். பேன் அழுக்கால் வருவதில்லை, தினமும் குளிக்கிற தலையிலும் வரும். அரிப்பு தெரிவதற்கே முதல் தடவை நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை எல்லோரோடும்தானே உட்கார்ந்திருந்தாள், இப்போது பிரித்து வைத்து என்ன பயன்? நேரில் போய் டீச்சரிடம் மருந்து போட்டாயிற்று என்று சொல்லுங்கள், மற்ற பெற்றோருக்கும் பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்கக் கேளுங்கள். முடியை இறுக்கிப் பின்னி அனுப்புங்கள்.

கேள்வி: சொறிந்து சொறிந்து பேரனுக்குப் பிடரியில் புண், கழுத்தில் நெறிகட்டியிருக்கிறது. வீட்டில் ஒன்றரை மாதக் குழந்தையும் உண்டு.
– வாசகர், கோபி

பதில்: புண்ணில் கிருமி சேர்ந்திருக்கலாம், அதனால் நெறிகட்டியிருக்கலாம். பேன் மருந்தைப் புண் மேல் போடாமல் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு லோஷன் கூடாது, பேன் தெரிந்தால் சீப்பால் மட்டும் எடுங்கள். லோஷனுக்கு அடங்காத பேனுக்கு ஐவர்மெக்டின் மாத்திரை இருக்கிறது, 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது இல்லை, கடையில் கேட்டு வாங்காமல் டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் கொடுங்கள்.