அலைக்குளத்தில் கேட்ட வார்த்தை

கேள்வி: நாங்கள் பாலக்காட்டில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். கிறிஸ்துமஸ் லீவில் அத்தை, கணவர், 9 வயது மகளோடு கொச்சிப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போயிருந்தோம். அலைக்குளத்தில் பதினைந்து பையன்கள், தமிழ்ப் பையன்கள்தான், அம்மாவை இழுத்துத் திட்டிக்கொண்டே குதித்தார்கள். சறுக்கு வரிசையிலும் அதே கூட்டம் இடித்துக்கொண்டு முன்னால் போனது. என் கணவர் சத்தம் போட்டதும் சூழ்ந்துகொண்டார்கள். கைகலப்பு ஆகாமல் தப்பித்தோம். பக்கத்தில் நின்ற காவலாளி வாயே திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மகள் அதே வார்த்தையை அவள் சித்தப்பா பையனிடம் சொன்னாள், ஓர் அறை விட்டுவிட்டேன். அன்று நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? போலீஸுக்குப் போயிருக்கலாமா? அத்தை இனி அந்தப் பக்கமே வேண்டாம் என்கிறார்.

பதில்: சகோதரி, பல வருடம் தண்ணீர்ப் பார்க்குகளில் பாதுகாப்பு மேற்பார்வை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் காட்சியை நான் ஒவ்வொரு டிசம்பரிலும் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தக் காவலாளியைப் பற்றி. அவர் அலட்சியமாக இருந்தார் என்று உங்களுக்குக் கோபம். ஆனால் குளத்தோரம் விசிலோடு நிற்பவர் பெரும்பாலும் உயிர்காப்பாளர். தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பதுதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அலை ஓடும் நேரத்தில் அவர் உங்கள் பக்கம் திரும்பி வழக்குக் கேட்டால், அந்த அரை நிமிடத்தில் எங்கோ ஒரு குழந்தை மூழ்கலாம். அவரிடம் புகார் சொல்லிப் பயனில்லை. பையன்களிடம் நேரே போவதிலும் பயனில்லை. கூட்டமாக நிற்கும் பையன் தனியாகப் பேச மாட்டான், நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வாங்குவது அவனுக்கு மானப் பிரச்சினை. உங்கள் கணவர் குரலை உயர்த்திய நொடியிலேயே அது கெட்ட வார்த்தையைப் பற்றிய விஷயமாக இல்லாமல் போய்விட்டது.

யாரிடம் சொல்வது? சறுக்கின் உச்சியில் ஆட்களை ஒவ்வொருவராக அனுப்பும் ஆபரேட்டரிடம். 'இவரை ஏற்ற மாட்டேன்' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் கையில் வாக்கி டாக்கியும் இருக்கும். குளத்தில் நடந்தால், குளத்தைவிட்டு வெளியே வந்து வாசல் பக்கம் இருக்கும் விருந்தினர் உதவி மேசைக்குப் போய், 'டூட்டி மேனேஜரைப் பார்க்கணும்' என்று அந்தச் சொல்லாலேயே கேளுங்கள். பொதுவாக 'அங்கே பசங்க ரொம்ப மோசமாப் பேசுறாங்க' என்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. 'அலைக்குளம், மூன்று மணிக்கு, பச்சை டீ-ஷர்ட், கையில் பச்சை குத்திய பையன், கூட பதினைந்து பேர்' என்றால் கேமராவில் தேடலாம், ஆளையும் அனுப்பலாம்.

அந்தப் பதினைந்து பேரும் ஆட்டோ பிடித்து வந்தவர்களாக இருக்க மாட்டார்கள். டிசம்பர், ஜனவரியில் கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து 'ஐ.வி.' (இண்டஸ்ட்ரியல் விசிட், தொழிற்சாலையைப் பார்க்கும் கல்விச் சுற்றுலா) என்று பஸ் பிடித்துக் கிளம்புவார்கள். ஒரு தொழிற்சாலையை எட்டிப் பார்த்துவிட்டு அதிரப்பள்ளி, கொச்சி, கடைசியில் தீம் பார்க். குழு டிக்கெட் எடுத்தவர் என்று ஒரு பெயர் பார்க்கின் கணக்கில் இருக்கும். கூட வந்த ஆசிரியர் எங்கோ நிழலில் டீ குடித்துக்கொண்டிருப்பார். மைக்கில் அந்தப் பஸ்ஸின் பொறுப்பாளரைக் கூப்பிட்டு, அவர் ஈரத் தரையில் செருப்போடு குளத்தோரம் வந்து நின்றால் போதும். நான் பார்த்தவரை, காவலாளி நாலு பேர் செய்ய முடியாததை அந்த ஒரு ஆசிரியரின் முகம் செய்துவிடும்.

கணவர் கை ஓங்காமல் திரும்பியது நல்லதுக்குத்தான். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு அப்பா இப்படித்தான் ஒரு பையனை அறைந்தார். நியாயம் அவர் பக்கம். ஆனால் யார் முதலில் கை வைத்தது என்பதைத்தான் கேமரா காட்டியது. விதிப்படி இரண்டு தரப்பையும் வெளியே அனுப்பினோம். அவருடைய ஆறு வயது மகன் காது வரை ஈரத்தோடு, மிதவையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். 'அப்பா, நான் அந்த மஞ்சள் சறுக்குல இன்னும் போகலையே' என்று கேட்டான். வெளியே அனுப்பியவன் நான். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது.

வரிசை விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். வொண்டர்லா போன்ற பெரிய பார்க்குகளில் கூடுதல் பணம் கட்டி வேகப் பாதை டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தனி வழி உண்டு. அவர்கள் உங்களைத் தாண்டிப் போவது விதிப்படிதான். கையில் கட்டியிருக்கும் பட்டையைப் பார்த்தால் தெரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருவர் வரிசையில் நிற்க, எட்டுப் பேர் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்துகொள்வது நம் குடும்பங்களும் செய்வதுதான். பின்னால் நிற்பவருக்கு அதுவும் இடித்துக்கொண்டு போவதும் ஒன்றே.

நேரே பேசவே கூடாதா என்றால், சில நேரம் பேசலாம். வசவு யாரையும் குறிவைத்து இல்லாமல், நண்பர்களுக்குள் வாய்ப் பழக்கமாக வருகிறது என்றால் பேசலாம். பேச வேண்டியவர் உங்கள் கணவர் இல்லை, உங்கள் அத்தை. கணவர் பேசினால் இன்னொரு ஆண் சண்டைக்கு வந்ததாகத்தான் அவர்களுக்குப் படும். அத்தை 'எந்த ஊரு தம்பி? என்ன படிக்கிறீங்க?' என்று கேட்டுப் பார்த்திருக்கலாம். எல்லைப் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு இருக்கும் பலம் வேறு எதற்கும் இல்லை. பொள்ளாச்சி என்பான், உடுமலை என்பான். 'எங்க நாத்தனார் வீடு அங்கதான்' என்று அத்தை சொன்னதும் அவன் தன் வீட்டுக்குத் தெரிந்துவிடும் தூரத்துக்கு வந்துவிடுவான். பிறகு 'சின்னப் புள்ளைக இருக்குதுக, பாத்துப் பேசுங்க கண்ணு' என்றால் பெரும்பாலும் தலை குனிவான். மலையாளப் பையன்களாக இருந்தால் 'மோனே, குட்டிகள் உண்டு இவிடே' என்பது அதே வேலையைச் செய்யும். தெரியாத ஆளை 'நீ' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், இரண்டு மொழியிலும் அது சண்டைக்கான அழைப்பு. குடித்திருக்கிறார்கள் என்று வாடை வந்தால் எந்தப் பேச்சும் வேண்டாம், நேராக உதவி மேசைக்குப் போங்கள்.

போலீஸ் பற்றி. பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாகும்படி ஆபாசமாகப் பேசுவதும் பாடுவதும் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவில் குற்றம். 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 294-ஆம் பிரிவு. ஆனால் வெறும் வசவுச் சொல் எல்லாம் ஆபாசம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-லும் 2024-லும் தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அதனால் நண்பர்களுக்குள் திட்டிக்கொண்டதற்கு வழக்கு நிற்பது கடினம். உங்களைப் பார்த்தோ உங்கள் மகளைப் பார்த்தோ சொல்லியிருந்தால் கதை வேறு. பெண்ணின் கண்ணியத்தை இழிவு செய்யும் நோக்கில் பேசுவதும் சைகை காட்டுவதும் 79-ஆம் பிரிவில் 3 வருடம் வரை சிறைக்கு உரியது. குழந்தையிடம் பாலியல் நோக்கோடு பேசினால் 2012-ஆம் வருடத்துப் போக்சோ சட்டம் வரும், அதிலும் 3 வருடம் வரை. அப்படி நடந்தால் பார்க் நிர்வாகம் சமாதானம் பேச விடாதீர்கள், 112-ஐ அழையுங்கள். கேரளத்தில் பெண்களுக்கான பிங்க் போலீஸ் ரோந்துக்கு 1515, குழந்தைகளுக்கு 1098. போனில் வீடியோ எடுத்துப் பரப்புவதை மட்டும் செய்யாதீர்கள். குளத்தில் ஈர உடையோடு நிற்கும் வேறு வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் அதில் விழுவார்கள்.

இனி உங்கள் மகள். அறைந்துவிட்டேன் என்று நீங்களே எழுதியதிலிருந்து அது உங்களை எவ்வளவு உறுத்துகிறது என்று புரிகிறது. குழந்தை அந்த வார்த்தையைச் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. பெரிய பையன்கள் சொல்லிச் சிரித்தார்கள், தானும் சொன்னால் எதிரில் இருப்பவன் சிரிப்பான் என்று நினைத்திருக்கும். அறை விழுந்ததும் அதற்குப் புரிந்தது, இந்தச் சொல்லுக்கு அம்மாவையே நிலைகுலைய வைக்கும் சக்தி இருக்கிறது என்பது. அதனால் அதை மறக்காது.

அமைதியாக உட்கார்ந்து அர்த்தத்தைச் சொல்லுங்கள். 9 வயதுக்கு ஏற்ற அளவில், ஒளிக்காமல். 'அது ஒருத்தரோட அம்மாவை அசிங்கமாச் சொல்ற வார்த்தை. உன் அம்மாவை யாராவது அப்படிச் சொன்னா உனக்கு எப்படி இருக்கும்?' என்றால் போதும். உங்கள் ஊரில் குழந்தைகள் இரண்டு மொழி வசவையும் சேர்த்தே கேட்டு வளர்கின்றன, அதனால் மலையாளச் சொற்களையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். 'தெண்டி' என்றால் பிச்சைக்காரன். 'செற்ற' என்றால் ஓலைக் குடிசை, அதில் வாழும் ஏழையைத்தான் அந்த வசவு இழிக்கிறது. இரண்டு மொழியிலும் சில வசவுகள் சாதிப் பெயர்களே. திட்டு என்பது யாரோ ஓர் ஏழையையோ பெண்ணையோ மிதித்துத்தான் வருகிறது என்று குழந்தைக்கு ஒருமுறை புரிந்துவிட்டால், அந்தச் சொல் அதற்கு வேடிக்கையாக இருக்காது. கூடவே, 'அன்னைக்கு அம்மா அடிச்சது தப்பு' என்றும் சொல்லிவிடுங்கள்.

அத்தையிடம் சொல்லுங்கள், இன்னொரு முறை போகலாம். பிப்ரவரி, மார்ச்சில் ஒரு செவ்வாயோ புதனோ பார்த்துப் போங்கள். தேர்வு நெருங்கும் நேரம் என்பதால் கல்லூரிப் பஸ்கள் குறைவாக இருக்கும். மகள் பள்ளிக்கு ஒரு நாள் லீவு போட்டால் பரவாயில்லை. திறக்கும் நேரத்துக்கே போய், கூட்டம் சேருவதற்குள் அலைக்குளத்தை முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் உயரக் கட்டுப்பாடு உள்ள சிறுவர் குளத்துக்கு மாறிவிடுங்கள். பெரிய பையன்களை அங்கே விட மாட்டார்கள். அத்தை கரையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொள்ளவும் அந்தக் குளம்தான் வசதி.